கொரிய முகவர் துணையோடு கொண்டோவுக்கு மாறுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரொறன்ரோவில் யங் வீதி வழியே ஷெப்பர்ட்டிலிருந்து வடக்கே ஃபின்ச், ஸ்டீல்ஸ் வரை போனால் கொரிய எழுத்துப் பலகைகள் வரிசையாக வரும். மூலைக்கடை நடத்தி, பிள்ளைகளைப் படிக்கவைத்த கொரியப் பெற்றோர் பலருக்கு இப்போது நான்கு அறை வீடும் பனி வழிக்கும் வேலையும் பாரமாகிவிட்டன. வீட்டை விற்றுவிட்டு இந்தப் பக்கத்துக் கொண்டோ (சொந்தமாக வாங்கும் அடுக்குமாடி வீடு) ஒன்றுக்கு வர நினைக்கிறார்கள். முதலில் தேடுவது கொரிய மொழி கதைக்கும் வீட்டு விற்பனை முகவரை. ஸ்காபரோவில் தமிழ் முகவரைத் தேடும் நம் அம்மா அப்பாவுக்கும் கீழே உள்ளதில் பெரும்பாலானது பொருந்தும்.

சொந்த மொழியில் கதைக்கும் முகவரைப் பிடிப்பது நல்ல முடிவுதான். தவறு அதற்குப் பிறகு தொடங்குகிறது. 'நம்மவர், எல்லாம் பார்த்துக்கொள்வார்' என்று மற்றவர்களின் வேலையையும் அவர் தலையில் கட்டிவிடுகிறார்கள். விலை மதிப்பிடுவது, பேரம் பேசுவது, ஒப்பந்தம் எழுதுவது முகவரின் வேலை. கட்டடத்தின் ஆவணங்களைப் படித்துச் சொல்வது சட்டத்தரணியின் வேலை.

அந்த ஆவணங்களில் முக்கியமானது ஸ்டேட்டஸ் சேர்ட்டிஃபிகேட். ஒன்ராறியோவில் 100 டொலருக்கு மேல் இதற்கு வாங்க முடியாது. கேட்டு 10 நாட்களுக்குள் கட்டட நிர்வாகம் தந்தாக வேண்டும். கட்டடத்தின் வரவு செலவு, பெரிய பழுதுகளுக்கென்று சேர்க்கும் சேமநிதி, வழக்குகள், காப்புறுதி, வீட்டு விதிகள் எல்லாம் சேர்ந்து தடித்த கட்டாக வரும். சமையலறை மேசையில் முகவர் இரண்டே வரியில் 'பிரச்சினை ஒன்றும் இல்லை' என்று கொரிய மொழியில் சொல்லிவிட்டால் கேட்க நிம்மதியாகத்தான் இருக்கும். ஆனால் சேமநிதி வற்றிய கட்டடத்தில் கூரையோ கார் நிறுத்துமிடமோ பழுதானால், மாதக் கட்டணத்துக்கு மேல் ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் தனியாகப் பெருந்தொகை கேட்பார்கள். 1990களின் நடுவிலிருந்து 2007 வரையான கட்டடம் என்றால் கிட்டெக் என்ற தண்ணீர்க் குழாய் இருக்கிறதா என்றும் கேளுங்கள். வெடித்துக் கசியும் என்று திரும்பப் பெறப்பட்ட குழாய் அது. மாற்றும் செலவு பெரும்பாலும் வீட்டுக்காரர் தலையில்தான் விழும்.

பழைய கொண்டோவை வாங்கக் கையெழுத்திட்ட பிறகு மனம் மாறினால் சட்டம் உதவாது. நேரடியாகக் கட்டுநரிடம் வாங்கும் புதுக் கொண்டோவுக்கு மட்டும்தான் 10 நாள் அவகாசம். அதனால் 'என் சட்டத்தரணி ஸ்டேட்டஸ் சேர்ட்டிஃபிகேட்டைப் பார்த்துச் சம்மதித்தால்தான்' என்ற நிபந்தனையை, இந்த விலைக்கு வாங்குகிறேன் என்று கொடுக்கும் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள். போட்டிக்கு ஆள் இருக்கிறது, நிபந்தனை வேண்டாம் என்று முகவர் அவசரப்படுத்தினால், முன்கூட்டியே சேர்ட்டிஃபிகேட்டை எடுத்துப் படித்துவிட்டுப் போகலாம்.

சின்னச் சமூகத்துக்கே உரிய சிக்கல் இன்னொன்று. தேவாலயத்தில் அறிமுகமான முகவரே உங்களுக்கும் வாங்குபவருக்கும் பொதுவாக நிற்கக் கூடும். 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, இரு பக்கத்தின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் இது நடக்கக் கூடாது. சம்மதித்துவிட்டால், எந்த விலை கேட்கலாம் என்று அவர் உங்களுக்கு ஆலோசனை சொல்ல முடியாது. அதற்காகத்தானே அவருக்குக் கமிஷன் கொடுக்கிறீர்கள்? முகம் முறிக்கக் கூச்சமாக இருந்தால் பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். கமிஷன் வீதமும் சட்டம் வைத்த கணக்கு அல்ல, பேசித் தீர்ப்பதுதான்.

பரப்பளவு விஷயத்தில் கொரியர்களுக்கே வரும் குழப்பம் சுவாரசியமானது. கொரியாவில் பழக்கம் பியோங் கணக்கு. ஒரு பியோங் சுமார் 3.3 சதுர மீற்றர். அங்கே 34 பியோங் அடுக்குமாடி வீடு என்றால் படிக்கட்டு, நடைபாதைப் பங்கும் அதற்குள் அடக்கம். வீட்டுக்குள் இருப்பது 84 சதுர மீற்றர் அளவே, அதாவது 25 பியோங், சுமார் 900 சதுர அடி. ரொறன்ரோவில் 900 சதுர அடிக் கொண்டோவை '25 பியோங்' என்று முகவர் சொன்னதும், சியோலில் பொதுப் பங்கையும் சேர்த்து 25 பியோங் என்ற சின்ன வீடு நினைவுக்கு வந்து வேண்டாம் என்பவர்கள் உண்டு. கொரியாவில் பல்கனியை மூடி அறையோடு சேர்த்துவிடும் வழக்கமும் உண்டு, இங்கே அது நடக்காது. எண்ணை விட்டுவிட்டு அளவு நாடாவோடு போங்கள். கிம்சி என்ற கொரிய ஊறுகாய்க்கென்று தனியாக வைத்திருக்கும் குளிர்பெட்டி எங்கே நிற்கும்? மண் ஜாடிகளைப் பல்கனியில் வைக்க விதி விடுமா? இந்த இரண்டு கேள்விக்குப் பதில் கிடைத்தால் அரைவாசித் தீர்மானம் முடிந்த மாதிரி.

வீடு வாங்கும்போது கட்டும் நில மாற்று வரியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ரொறன்ரோ எல்லைக்குள் மாகாணத்துக்கு ஒரு தடவை, நகரத்துக்கு ஒரு தடவை கட்ட வேண்டும். 700,000 டொலர் கொண்டோவுக்கு 10,475 வீதம் இரண்டு, மொத்தம் 20,950. முதல் வீடு வாங்குபவர்களுக்கான சலுகை உங்களுக்குக் கிடையாது. ஸ்டீல்ஸ் வீதியைத் தாண்டி வடக்கே தோர்ன்ஹில்லில் வாங்கினால் நகர வரி இல்லை. கொரியக் கடைகளும் அங்கேயும் இருக்கின்றன.

முதலில் வாங்குவதா, விற்பதா? வயதானவர்களுக்கு விற்பதே பாதுகாப்பு. பழைய வீட்டின் பணம் கைக்கு வருமுன் புதியதை வாங்க உதவும் இடைக்காலக் கடனை, விற்பனை உறுதியாகாமல் வங்கி பொதுவாகத் தராது. இன்னும் கட்டிமுடிக்காத கொண்டோவுக்கு முற்பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருப்பதை 70 வயதுக்காரருக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். முடியும் நாளில் சந்தை விலை விழுந்திருந்தால், வங்கி குறைவாக மதிப்பிட்டுக் குறைந்த கடனே தரும், மீதியை நீங்களே போட வேண்டும்.

விற்று மிஞ்சிய பணத்தில் கவனிக்க வேண்டியது, வருமானம் குறைந்த முதியோருக்கு அரசு தரும் ஜி.ஐ.எஸ். கொடுப்பனவு. அது சொத்தைப் பார்ப்பதில்லை, வருமானத்தைப் பார்க்கும். பணத்தை வைப்பிலிட்டு வட்டி வந்தால் அடுத்த ஜூலையிலிருந்து தொகை குறையும். ரி.எஃப்.எஸ்.ஏ. என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்குக்குள் வரும் வட்டி கணக்கில் சேராது என்பதால் அதன் வரம்பை முதலில் நிரப்புங்கள். குடியிருந்த வீட்டின் இலாபத்துக்கு வரி இல்லை என்றாலும், விற்ற வருட வரி அறிக்கையில் அந்த விற்பனையைக் காட்டியாக வேண்டும். தாமதத்துக்கு மாதம் 100 டொலர் வீதம் 8,000 வரை அபராதம் விதிக்கலாம்.