ரீட்ரை போடும் முன் ஒரு கணக்கு

நம் புரோகிராம் கூப்பிடும் ஒரு சர்வீஸ் பதில் தராவிட்டால் உடனே மறுபடி கூப்பிடத்தான் (இதுதான் ரீட்ரை) கை பரபரக்கும், ஆனால் ஏற்கெனவே திணறும் சர்வரை அதுவே சாய்த்துவிடும். ஒன்று அடுத்ததைக் கூப்பிடும் மூன்று அடுக்கு, ஒவ்வொன்றும் 3 முறை முயன்றால், கடைசியில் இருக்கும் டேட்டாபேஸுக்கு ஒரே கிளிக்கில் 3 × 3 × 3 = 27 அழைப்பு! ரீட்ரையை ஒரே அடுக்கில் மட்டும் வையுங்கள்.

முயற்சிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை 100, 200, 400 மில்லிசெகண்ட் என இரட்டிப்பாக்கி, உச்சவரம்பும் வைத்து, அப்புறம் ஜிட்டர் சேருங்கள், அதாவது 0 முதல் அந்த இடைவெளிவரை ஏதோ ஒரு நேரத்தைக் குத்துமதிப்பாக எடுத்து, அவ்வளவு மட்டும் காத்திருப்பது. இல்லாவிட்டால் எல்லா கிளையன்ட்டும் ஒரே நேரத்தில் திரும்ப வந்து மோதும்.

டைம்அவுட் ஆனதாலேயே, அதாவது பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் முடிந்ததாலேயே, வேலை நடக்கவில்லை என்று நினைக்காதீர்கள், பணம் போய், பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். அதனால் பேமென்ட் கோரிக்கைக்குத் தனி ஐடி கொடுத்து, மறுமுயற்சியிலும் அதையே அனுப்புங்கள்; பார்த்த ஐடி என்றால் சர்வர் பழைய பதிலையே தரட்டும்.