தள்ளிப் போகும் எலக்ட்ரானுக்கு ஆற்றல் கூடுமா? நோட்டில் ஒரு கிணறு வரைந்து பார்ப்போம்

பாளையங்கோட்டையில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லித் தருகிறேன். வருஷா வருஷம் அவர்கள் தடுமாறும் இடம் எலக்ட்ரானின் ஆற்றலுக்கு முன்னால் வரும் மைனஸ் குறிதான். "அணுக்கரு பக்கத்துல இழுப்பு ஜாஸ்தி. அப்பம் ஆற்றலும் ஜாஸ்திதான சார்?" என்று கேட்பார்கள். இல்லை. ஒரு நோட்டு, ஸ்கேல், பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள்.

1. ஆலங்குளம் பக்கத்துத் தோட்டக் கிணறு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். தரைதான் பூஜ்யம். உள்ளே இறங்க இறங்க மைனஸ். தாளின் மேலே தரைக்கோடு போடுங்கள். அணுக்கருவின் பிடியிலிருந்து முழுசாக விடுபட்டு, அசையாமல் நிற்கும் எலக்ட்ரான் அங்கே இருக்கிறது.

2. அணுவுக்குள் எலக்ட்ரான் இருக்கக்கூடிய ஆற்றல் படிகளை மட்டம் என்போம்; அடியிலிருந்து 1, 2, 3 என்று அவற்றுக்கு எண். ஹைட்ரஜனுக்கு 13.6ஐ மட்ட எண்ணின் வர்க்கத்தால் வகுத்து, முன்னால் மைனஸ் போடுங்கள். −13.6, −3.4, −1.51, −0.85 என்று வரும். அலகு எலக்ட்ரான் வோல்ட்; அணு அளவிலான ஆற்றலை அளக்கும் சிறிய அலகு. ஒன்றுக்கு ஒரு சென்டிமீட்டர் என்று அளந்து கோடுகள் போடுங்கள். முதல் மட்டம் தனியாக அடியில் கிடக்கும்; மற்றவை தரைக்குக் கீழே நெருக்கியடித்து நிற்கும்.

3. அடுத்து அணுக்கருவிலிருந்து எலக்ட்ரானுக்கு உள்ள தூரம். 0.529 ஆங்ஸ்ட்ராமை (ஒரு மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்குதான் ஓர் ஆங்ஸ்ட்ராம்) அதே வர்க்கத்தால் பெருக்குங்கள்: 0.529, 2.12, 4.76. ஒவ்வொரு கோட்டிலும் ஆழத்தையும் தூரத்தையும் பெருக்கிப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஏறக்குறைய 7.2 வரும்! தூரம் நாலு மடங்கானால் ஆழம் கால் பங்காகிறது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

4. இங்கேதான் நிதானம் வேண்டும். கிணற்றில் குதிக்கிற பையன் கீழே போகப் போக வேகமெடுப்பான். எலக்ட்ரானும் அணுக்கருவை நெருங்கினால் வேகம் கூடும். முதல் மட்டத்தில் இயக்க ஆற்றல் +13.6, நிலை ஆற்றல் −27.2, கூட்டினால் −13.6. இரண்டாம் மட்டத்தில் +3.4, −6.8, கூட்டினால் −3.4. ஆக, தள்ளிப் போனால் வேகம் குறைகிறது, மொத்த ஆற்றல் கூடுகிறது. பிள்ளைகள் "ஜாஸ்தி" என்று நினைத்தது இயக்க ஆற்றலை மட்டும்தான்.

இது 1913இல் நீல்ஸ் போர் (Bohr) என்ற விஞ்ஞானி சொன்ன கணக்கு. எலக்ட்ரான் உண்மையில் வட்டப் பாதையில் ஓடுவதில்லை. முதல் மட்டத்தில் அது இருக்க அதிக வாய்ப்புள்ள தூரம்தான் 0.529. மற்ற அணுக்களில் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் எண்கள் மாறும்.

5. சரி, மூன்றாம் கோட்டுக்கும் இரண்டாம் கோட்டுக்கும் இடைவெளி அளந்து பாருங்கள்: 1.89 சென்டிமீட்டர். எலக்ட்ரான் அந்த அளவு இறங்கும்போது 656 நானோமீட்டர் சிவப்பு ஒளி வரும். இரண்டிலிருந்து ஒன்றுக்கு 10.2; அந்த ஒளி புறஊதா, கண்ணுக்குத் தெரியாது.