மஞ்சள் தட்டைப் பார்த்து மயங்க வேண்டாம்

பினாங்கில் எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த மாணவி, "அக்கா, ஹிட் கிடைச்சிருச்சு, குர்குமின்!" என்று ஓடி வந்தாள். ஹிட் என்றால் முதல் சோதனையில் வேலை செய்வதாகத் தெரியும் மூலக்கூறு, குர்குமின் மஞ்சளில் இருக்கும் நிறப்பொருள். புற்றுநோயைத் தடுக்கும் பி53 புரதத்தை எம்டிஎம்2 என்ற இன்னொரு புரதம் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறதே, அந்தப் பிடியைத் தளர்த்தும் சிறு மூலக்கூறைத்தான் தேடிக்கொண்டிருந்தோம். சோதனைத் தட்டை வாங்கிப் பார்த்தால் அதன் சிறு குழிகள் எல்லாம் மஞ்சளாக மின்னின. சரி, 0.01 சதவீதம் டிரைட்டான் எக்ஸ்-100 சேர்த்து மறுபடி ஓட்டச் சொன்னேன். மதியத்துக்குள் அந்த ஹிட் காணாமல் போய்விட்டது.

இரண்டு புரதங்களின் பிணைப்பைத் தடுக்கும் மருந்தைத் தேடும் இந்தத் துறையில் அதிகம் நடக்கிற தவறு இதுதான். சில மூலக்கூறுகள் கரையாமல் நுண்ணிய உருண்டைகளாகத் திரண்டு, எந்தப் புரதம் வந்தாலும் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும், நாம் அதைத் தடுப்பு என்று எழுதிவைப்போம். சோப்புத்தன்மை உள்ள டிரைட்டான் அந்த உருண்டைகளைக் கலைத்துவிடும். குர்குமினில் இன்னொரு சிக்கல்: அதுவே பச்சையாக ஒளிரும், அதனால் ஒளிர்வை வைத்து அளக்கும் சோதனையை எளிதில் ஏமாற்றிவிடும். ஆகவே ஒளியை நம்பாத வேறொரு வழியிலும், என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) மாதிரி, பிணைப்பைப் பார்க்காமல், மூலக்கூறை மேம்படுத்தித் தரச் சொல்லி வேதியியலாளரிடம் போகாதீர்கள். முடிந்தால் கண்ணாடிப் பிம்ப மூலக்கூறையும் சோதியுங்கள். பி53-ஐ விடுவிக்கும் நட்லின்-3ஏ என்ற சிறு மூலக்கூறு எம்டிஎம்2-ஐப் பிடிப்பதில் தன் கண்ணாடிப் பிம்பமான நட்லின்-3பி-யைவிட சுமார் 150 மடங்கு வலுவானது, இப்படி ஒரு வித்தியாசம் தெரிந்தால்தான் எனக்கு நிம்மதி.

அப்புறம், இரண்டு புரதங்கள் தொடும் பரப்பு 1,500 சதுர ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் இருக்கிறதே, சின்ன மூலக்கூறு என்ன செய்யும் என்று ஆரம்பத்திலேயே கைவிடுவதும் தவறு. பிடிமானம் பரப்பு முழுக்கச் சமமாக இல்லை. பி53-இல் ஃபினைல்அலனின் 19, டிரிப்டோஃபான் 23, லூசின் 26 என்ற மூன்றுதான் எம்டிஎம்2-இன் பள்ளத்துக்குள் ஆழமாக இறங்குகின்றன, 2004-இல் வெளிவந்த நட்லின்கள் அந்த மூன்றின் இடத்தைத்தான் பிடித்துக்கொண்டன. முதலில் ஒவ்வொரு அமினோ அமிலமாக அலனினுக்கு மாற்றி, எங்கே பிணைப்பு சரிகிறது என்று தேடுங்கள்.

விழுங்கும் மருந்தின் மூலக்கூறு எடை 500 டால்டனைத் தாண்டக் கூடாது என்ற எல்லையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளவும் வேண்டாம். 2016-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வெனிடோகிளாக்ஸ் என்ற இரத்தப் புற்றுநோய் மருந்து 868 டால்டன், அதையும் மாத்திரையாகத்தான் விழுங்குகிறார்கள்.

கடைசியாக, உறவுக்காரப் புரதங்களை மறந்துவிடாதீர்கள். வெனிடோகிளாக்ஸுக்கு முன்னால் வந்த நேவிடோகிளாக்ஸ், இலக்கான பிசிஎல்-2 புரதத்தோடு அதன் உறவான பிசிஎல்-எக்ஸ்எல்-ஐயும் தடுத்ததால் நோயாளிகளின் இரத்தத் தட்டணுக்கள் குறைந்தன. ஹிட் உறுதியான அதே வாரத்தில், அது உறவுக்காரப் புரதங்களையும் தடுக்கிறதா என்ற சோதனையையும் தொடங்கிவிடுங்கள்.