பக்கத்தை விடுவிக்கும் முன் டிஎல்பியைக் காலி செய்யுங்கள்

நிரல்கள் பயன்படுத்தும் விர்ச்சுவல் முகவரிகளை மெமரியின் பிசிக்கல் பக்கங்களோடு இணைக்கும் பேஜ் டேபிளில் ஒரு பதிவை மாற்றியதோடு வேலை முடிவதில்லை. விர்ச்சுவல் முகவரி எந்த பிசிக்கல் பக்கத்துக்குப் போகிறது என்று ஒருமுறை கண்டுபிடித்ததும், ப்ராசசர் அதை டிஎல்பி என்ற தன் சிறிய கேஷில் வைத்துக்கொள்ளும். நான்கு அடுக்கு டேபிளில் முழுத் தேடலுக்கு நான்கு முறை மெமரியைத் தொட வேண்டும். அந்தச் செலவை மிச்சப்படுத்தத்தான் இது. டேட்டா கேஷ்களை ஹார்டுவேரே ஒத்துப்போக வைத்துவிடும். டிஎல்பியில் தங்கிவிட்ட பழைய பதிவை நீக்கச் சொல்வதோ கர்னல் எழுதுபவரின் பொறுப்பு.

யாருடைய கோடைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது இந்த வரிசையைத்தான்: பேஜ் டேபிளை மாற்று, எல்லா கோர்களிலும் டிஎல்பி பதிவை நீக்கு, நீங்கியது உறுதியாகும்வரை காத்திரு, அதற்குப் பிறகே பக்கத்தை விடுவி. காத்திருக்காமல் விடுவித்தால் அந்தப் பக்கம் வேறொரு ப்ராசஸின் கைக்குப் போயிருக்கும்; பழைய பதிவை நம்பி இன்னொரு கோர் அதில் எழுதிக்கொண்டிருக்கும். கெடுவது சம்பந்தமே இல்லாதவருடைய டேட்டா. தவறு நடந்த இடத்தில் ஒரு தடயமும் இருக்காது. அதனால்தான் இதில் நான் இவ்வளவு பிடிவாதம். லினக்ஸில் இதற்கென்றே 'எம்எம்யு கேதர்' இருக்கிறது: பக்கங்களைச் சேர்த்து வைத்து, டிஎல்பி நீக்கம் முடிந்ததும் மொத்தமாக விடுவிக்கும். சொந்தமாக எழுதாமல் அதையே பயன்படுத்துங்கள்.

நீக்கும் முறை ப்ராசசருக்கு ப்ராசசர் மாறும். எக்ஸ்86-இன் நீக்கக் கட்டளையான இன்வ்எல்பிஜி, தான் ஓடும் கோரில் மட்டுமே வேலை செய்யும். மற்ற கோர்களுக்கு ஐபிஐ (கோருக்குக் கோர் அனுப்பும் இன்டரப்ட்) அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். இன்டரப்டை முடக்கிக்கொண்டு அப்படிக் காத்திருக்காதீர்கள். இரண்டு கோர்கள் ஒன்றையொன்று எதிர்பார்த்தே உறைந்துவிடும். 64 பிட் ஆர்மில் டிஎல்பிஐ கட்டளையின் 'ஐஎஸ்' வடிவம் மற்ற கோர்களுக்கும் தானே போய்ச்சேரும். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் டிஎஸ்பி என்ற தடுப்புக் கட்டளை வேண்டும்: முன்னது டேபிள் மாற்றத்தை எல்லோருக்கும் தெரியவைக்க, பின்னது நீக்கம் முடியும்வரை நிற்க. ரிஸ்க்-வியின் நீக்கக் கட்டளையான எஸ்ஃபென்ஸ் விஎம்ஏவும் உள்ளூர் கோருக்கு மட்டுமே.

எவ்வளவு நீக்குவது? சில பக்கங்கள் என்றால் ஒவ்வொன்றாக. நிறைய என்றால் மொத்தமாக. எக்ஸ்86 லினக்ஸில் இயல்பான எல்லை 33 பக்கங்கள். உங்கள் வேலைப்பளுவை அளந்து பார்க்காமல் அதை மாற்ற வேண்டாம். ப்ராசஸ் மாறும்போதெல்லாம் எல்லாவற்றையும் துடைக்காமலிருக்க பிசிஐடி உதவும்; டிஎல்பி பதிவு எந்த ப்ராசஸுடையது என்று குறிக்கும் 12 பிட் அடையாள எண் அது. 2018-இல் மெல்ட்டவுன் என்ற ப்ராசசர் பாதுகாப்பு ஓட்டை வெளியானபின் கர்னலுக்கும் பயனர் நிரலுக்கும் தனித்தனி டேபிள்கள் வந்தன. பிசிஐடி இல்லாத ப்ராசசர்களில் ஒவ்வொரு சிஸ்டம் காலும் டேபிளை மாற்றியதால் டிஎல்பியைக் காலி செய்தது.

நீக்கமே தேவைப்படாத இடமும் உண்டு. இல்லாத பதிவை எக்ஸ்86 டிஎல்பியில் வைப்பதில்லை. எனவே புதிதாக ஒரு பக்கத்தை இணைக்கும்போது எதையும் நீக்க வேண்டாம். ரிஸ்க்-வியில் இதை நம்பாதீர்கள்.

டிஎல்பி தவறல்கள் (தேடிய பதிவு அதில் இல்லாமல் போவது) அதிகமென்று லினக்ஸின் அளவீட்டுக் கருவியான பெர்ஃப் காட்டினால் பெரிய பக்கங்களைப் பாருங்கள். 64 பதிவுகள் 4 கேபி பக்கங்களில் 256 கேபியைத்தான் எட்டும். 2 எம்பி பக்கங்களில் அதே எண்ணிக்கை 128 எம்பியை எட்டும்.

சோதனைக்கு இரண்டு த்ரெட்களை வெவ்வேறு கோர்களில் கட்டிவையுங்கள். ஒன்று பக்கத்தில் ஒரு கவுண்டரை ஓயாமல் கூட்டட்டும். மற்றொன்று பக்கத்தின் அனுமதியை மாற்றும் எம்ப்ரொடெக்ட் சிஸ்டம் கால் மூலம் அந்தப் பக்கத்தைப் படிக்க மட்டும் என்று மாற்றட்டும். எம்ப்ரொடெக்ட் திரும்பிய பிறகு கவுண்டர் ஒரு எண் நகர்ந்தாலும் உங்கள் நீக்கத்தில் ஓட்டை இருக்கிறது.