தப்பு அடியில் தொடங்கி ஒரு சிப்டியூன்: ரசிகர் விளையாட்டுக்கு முதல் இசை

சிப்டியூன் என்பது பழைய வீடியோ கேம் கருவிகளின் ஒலிச் சில்லுக்கு எழுதும் இசை. அதைக் கற்றுத்தரும் பாடங்களில் பெரும்பாலும் மெட்டு முதலில் வரும், டிரம் கடைசியில் வரும். இங்கே அதைத் திருப்பிப் போடுகிறேன். இலங்கை மலையகத்தில் வளர்ந்தவர்களுக்குத் தாளம் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. காமன் கூத்திலும் தோட்டத்துத் திருவிழாவிலும் சாவு வீட்டிலும் தப்புப் பறை கேட்டுத்தான் வளர்ந்திருப்போம். ஒரு காலத்தில் விடியற்காலையில் பிரட்டுக்கு (தோட்டத்தில் வேலை பிரித்துக்கொடுக்கும் கூட்டத்துக்கு) ஆள் கூப்பிட்டதும் தப்பு அடித்துத்தான். பியானோ பழகாதவர்களுக்கும் அடி காதில் இருக்கிறது. இருப்பதிலிருந்து தொடங்குவோம்.

ஒரு எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டால் எளிது. உங்களுக்குப் பிடித்த பழைய விளையாட்டின் வீரனை வைத்து நண்பர்கள் தாங்களாகவே ஒரு புது விளையாட்டை, அதாவது ஒரு ரசிகர் ஆக்கம், செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். லெவல் நடப்பது மலையக ரயில் பாதையிலுள்ள தெமோதரையில். வீரன் ரயில் கூரைமேல் ஓடுகிறான். அங்கே பாதை ஒரு வட்டம் சுற்றி வந்து, தெமோதரை நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் நுழையும். ஆக நமக்கு இரண்டு இசை வேண்டும்: வெளியே ஓடும்போது ஒன்று, சுரங்கத்துக்குள் ஒன்று. இரண்டாவதை முதலாவதிலிருந்தே எடுத்துவிடலாம், அதைப் பிறகு சொல்கிறேன்.

மெட்டு கட்டாயம் சொந்தமாக இருக்கட்டும். பழைய விளையாட்டின் பாட்டையே மறுபடி வாசித்துப் போடுவது ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் 2016 ஆகஸ்டில் மெட்ராய்ட் 2 என்ற பழைய நின்டென்டோ விளையாட்டின் ரசிகர் மறுஆக்கம் ஒன்று வெளிவந்த சில நாட்களிலேயே, நின்டென்டோவின் காப்புரிமை முறையீட்டால் பதிவிறக்க இணைப்புகள் நீக்கப்பட்டன. அப்படி ஒரு நிலை வந்தால் வீரனின் உருவத்தை மாற்றி, பெயரை மாற்றி, விளையாட்டை வேறொன்றாக வெளியிடலாம். இசை உங்களுடையதாக இருந்தால் அதை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

1. கையில் என்ன இருக்கிறது

நாம் எழுதப்போவது 1983இல் ஜப்பானில் வந்த ஃபேமிகொம் கருவியின் ஒலிச் சில்லுக்கு. வெளிநாடுகளில் என்இஎஸ் என்று விற்றதும், நம் ஊர்க் கடைகளில் கார்ட்ரிட்ஜோடு கிடைத்த பல டிவி கேம்கள் நகலெடுத்ததும் இதைத்தான். அதில் ஐந்து சேனல்கள்:

- பல்ஸ் 1, பல்ஸ் 2: மெட்டுக்கும் துணைக்கும். ஒலியளவு 0 முதல் 15 வரை. டியூட்டி என்ற அமைப்பை 12.5, 25, 50, 75 சதவீதம் என மாற்றலாம். 12.5 மூக்கால் பாடுவதுபோல் மெலிந்திருக்கும், 50 உருண்டையாக இருக்கும். 75ம் 25ம் காதுக்கு ஒன்றுதான்.
- முக்கோணம்: பேஸ், அதாவது தாழ்ந்த சுருதியில் ஓடும் துணையொலி. இதற்கு ஒலியளவுக் கட்டுப்பாடே கிடையாது. ஒன்று ஒலிக்கும், இல்லையென்றால் நிற்கும்.
- நாய்ஸ்: வெறும் இரைச்சல், 16 சுருதிகளில். நமக்கு இதுதான் தப்பு.
- டிபிசிஎம்: சின்னப் பதிவொலிகளுக்கு.

ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு ஒலிதான் வரும். இதை மட்டும் மறக்காதீர்கள், மீதி எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

2. மென்பொருள்

ஃபேமிஸ்டூடியோ. இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், பழைய கணினிக்கும் பாரமில்லை. ஆண்ட்ராய்டு பதிப்பும் உண்டு, ஆனால் கணினி இருந்தால் கணினியையே பயன்படுத்துங்கள். ஃபேமிட்ராக்கரைப் பலரும் பரிந்துரைப்பார்கள். நல்ல மென்பொருள்தான், ஆனால் மேலிருந்து கீழே ஓடும் எழுத்தும் எண்ணுமாக அதன் திரையைப் பார்த்ததும் புதியவர்கள் மூடிவிடுகிறார்கள். ஃபேமிஸ்டூடியோவில் நோட்டுகள் பட்டை பட்டையாகக் கண்ணுக்குத் தெரியும்.

கணினியே இல்லை, போனில் டேட்டாவும் குறைவு என்றால் பீப்பாக்ஸ் தளத்தில் பழகலாம். பாட்டு முழுவதும் இணைப்பு முகவரிக்குள்ளேயே எழுதப்படுவதால், அந்த முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலே பாட்டை அனுப்பியதாகிவிடும். ஆனால் அது உண்மையான சில்லின் ஒலி அல்ல, வரைவுக்கு மட்டும்.

மழை இருட்டிக்கொண்டு வந்தால் உடனே கன்ட்ரோல் எஸ் அழுத்துங்கள். கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாத ஊர் நம்முடையது.

3. வேகம்

சில்லுக்கு நொடியெல்லாம் தெரியாது, பிரேம்தான் தெரியும். திரையில் படம் ஒருமுறை மாறும் நேரம்தான் பிரேம். நொடிக்கு ஏறக்குறைய 60 பிரேம். பீட் என்பது தாளத்தின் ஓர் எண்ணிக்கை, நான்கு பீட் சேர்ந்தது ஒரு பார், பீட்டைப் பிரிக்கும் சிறு கட்டம் நோட். பாட்டின் அமைப்பில் ஒரு பீட்டுக்கு 6 நோட், ஒரு பாருக்கு 24 நோட், வேகம் 150 என்று வையுங்கள். ஒரு நோட் 4 பிரேம், ஒரு பீட் 24 பிரேம் என்று வரும். மென்பொருள் முதலில் தருவது ஒரு பீட்டுக்கு 4 நோட். அதில் மேற்கத்திய அணிவகுப்பு நடைதான் வரும். 6 வைத்தால் மும்மூன்றாகத் துள்ளும் நடை கிடைக்கும், கூத்து ஆட்டத்துக்குக் கால் எழும்பும் நடை.

பால் (PAL) என்ற டிவி முறைக்கான கருவிகளில் நொடிக்கு 50 பிரேம்தான். அதே பாட்டு அங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாகப் போகும். நீங்கள் கணினி விளையாட்டுக்கு எழுதுவதால் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

4. தப்பு

இங்கேதான் நேரத்தைச் செலவழியுங்கள்.

தப்பில் இரண்டு குச்சிகள். தடித்த குட்டைக் குச்சி ஆழமாக விழும், ஒல்லியான நீண்ட குச்சி சுளீர் என்று விழும். அதேபோல் இரண்டு இன்ஸ்ட்ருமென்ட் உருவாக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் வால்யூம் என்வலப் வரைய வேண்டும். ஒலி பிரேம் பிரேமாக எப்படி அடங்குகிறது என்பதுதான் என்வலப்.

தடித்த அடி: 15, 12, 9, 6, 4, 2, 0.
ஒல்லி அடி: 12, 5, 0.

கடைசியில் 0 இருக்க வேண்டும், இல்லையென்றால் இரைச்சல் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். நாய்ஸ் சேனலில் தடித்த அடியைத் தாழ்ந்த சுருதியிலும் ஒல்லி அடியை உயர்ந்த சுருதியிலும் வையுங்கள். 16 சுருதிதான் என்பதால், மேலே போகப்போக அதே ஒலிகள் திரும்ப வரும். எது பிடிக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள்.

இப்போது ஒரு பீட்டின் ஆறு கட்டங்களில் 1இல் தடித்தது, 3இலும் 5இலும் ஒல்லி. அதை மூன்று பீட்டுக்குப் போடுங்கள். நான்காவது பீட்டில் 1ஐ வெறுமையாக விட்டு, 2 முதல் 6 வரை ஒல்லியை நிரப்புங்கள். ஓட விட்டுக் கேளுங்கள். அடி விழ வேண்டிய இடத்தில் விழாமல், உடனே பொடியடி கொட்டுகிறதே, அந்த இடத்தில்தான் உடம்பு ஆடும். புதியவர்கள் எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டு ஏன் சலிப்பாக இருக்கிறது என்று கேட்பார்கள். நிரப்பியதால்தான்.

ஆழம் போதவில்லையா? நாய்ஸுக்கு வயிறு கிடையாது, வயிற்றை முக்கோணத்திடம் கடன் வாங்க வேண்டும். முக்கோணத்துக்கு ஓர் இன்ஸ்ட்ருமென்ட் செய்து, அதன் ஆர்பெஜியோ என்வலப்பில் 12, 7, 0 என்று கொடுங்கள். சுருதி ஒவ்வொரு பிரேமிலும் எத்தனை அரைக்கட்டை மேலே இருக்க வேண்டும் என்பதுதான் இந்த எண்கள். மூன்று பிரேமுக்குள் சுருதி மேலிருந்து கீழே விழும். தடித்த அடி விழும் கட்டங்களில் இதையும் சேர்த்து வைத்தால் தோல் அதிரும் ஒலி வந்துவிடும்.

உண்மையான தப்பே வேண்டும் என்பவர்களுக்கு டிபிசிஎம் இருக்கிறது. தீயில் காய்ச்சி நன்றாக இறுகிய தப்பில் ஒரே ஒரு அடி, போனில் பதிவு செய்து, வேவ் கோப்பாக உள்ளே இழுங்கள். மென்பொருளே மாற்றிக்கொடுக்கும். ஒரு பதிவு 4,081 பைட்டைத் தாண்டக் கூடாது. மிக உயர்ந்த தரத்தில் அது ஒரு நொடிக்கும் சற்றுக் குறைவு, ஒரு அடிக்கு அதில் கால்வாசி போதும். கரகரவென்றுதான் வரும், அந்தக் கரகரப்பு எனக்குப் பிடிக்கும். விளையாட்டு உண்மையான என்இஎஸ் கருவியில் ஓடப்போகிறது என்றால் மட்டும் நிரல் எழுதுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்தச் சில்லில் டிபிசிஎம் ஓடும்போது கைப்பிடிப் பொத்தான்களைத் தவறாகப் படிக்கும் பழைய கோளாறு ஒன்று இருக்கிறது.

5. பேஸ்

இதை விரைவாக முடித்துவிடலாம். முக்கோணத்தில் முதல் பாருக்கு ச, இரண்டாவதுக்கு த, மூன்றாவதுக்கு ப, நான்காவதுக்கு மறுபடி ச. ச என்பதை சி கட்டையாக வைத்துக்கொள்ளுங்கள், அப்போது த என்பது ஏ, ப என்பது ஜி. எல்லாம் கீழ் ஸ்தாயி. தப்பின் வயிறு விழும் கட்டத்தை விட்டுவிட்டு, 3ஆம் கட்டத்தில் தொடங்குங்கள்.

6. மெட்டு

மோகனத்தில் தொடங்கச் சொல்வேன்: ச ரி க ப த, அதாவது சி, டி, ஈ, ஜி, ஏ. ஐந்தே ஸ்வரம், எதை எதோடு வைத்தாலும் பெரிதாகக் கெடாது. பல்ஸ் 1இல், டியூட்டி 25இல் எழுதுங்கள். கீழே ஒவ்வோர் எழுத்தும் காற்புள்ளியும் 2 கட்டம். காற்புள்ளி முந்தைய ஸ்வரத்தின் நீட்சி.

ச , ரி | க , ப | த ப க | ப , ,
த , த | ப , க | ரி க ரி | ச , ,

இது பழகுவதற்கு மட்டும். ஒருமுறை போட்டுக் கேட்டுவிட்டு அழித்துவிடுங்கள். உங்கள் மெட்டைக் கண்டுபிடிக்க, தப்பு அடியை மட்டும் ஓடவிட்டு வாயால் முணுமுணுத்துப் போனில் பதிவு செய்யுங்கள். பிறகு கட்டையில் தேடுங்கள். திரையைப் பார்த்துக்கொண்டு எழுதும் மெட்டு பெரும்பாலும் படிக்கட்டுபோல் ஏறி இறங்கும், வாயில் வருவது பாட்டாக வரும். கொழுந்து பறிக்கும்போது பாடிய பாட்டுகளும் தாலாட்டுகளும் மனதில் இருந்தால் அவற்றின் நடையை எடுங்கள், மெட்டை விட்டுவிடுங்கள்.

நீண்ட ஸ்வரங்கள் மொட்டையாகக் கேட்கும். அவற்றுக்குச் சிறிய வைப்ரேட்டோ, அதாவது சுருதியில் ஒரு மெல்லிய அசைவு, கொடுங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக ஸ்லைடு நோட் உண்டு. ஒரு பாட்டுக்கு இரண்டு மூன்று இடத்தில் போதும்.

7. பல்ஸ் 2

மெட்டை அப்படியே நகலெடுத்து பல்ஸ் 2இல் 3 கட்டம் தள்ளி ஒட்டி, வால்யூமை 4 அல்லது 5க்கு இறக்குங்கள். எதிர்மலையிலிருந்து கூப்பிட்ட குரல் திரும்புவதுபோல் இருக்கும். செலவே இல்லாமல் பாட்டு பெரிதாகிவிடும்.

பாட்டின் இரண்டாம் பாதியில் எதிரொலியை நிறுத்திவிட்டு ஆர்பெஜியோ வையுங்கள். ஒரு சேனலில் ஒரு ஒலிதானே வரும், எனவே மூன்று ஸ்வரங்களை ஒவ்வொரு பிரேமுக்கும் மாற்றி மாற்றி வாசித்து, காதை ஏமாற்றி ஒரு கோர்டாக, அதாவது ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டாக, கேட்க வைப்பது. ச மேல் 0, 4, 7. த மேல் 0, 3, 7. ப மேல் 0, 4, 7 போடாதீர்கள், நி உள்ளே வந்து மோகனம் கலைந்துவிடும். அங்கே 0, 5, 7 போட்டால் ப, ச, ரி என்று ராகத்துக்குள்ளேயே நிற்கும்.

8. சுரங்கம்

இப்போது பாட்டை நகலெடுத்து, ஈ வரும் இடத்திலெல்லாம் அதற்கு அரைக்கட்டை கீழே உள்ள ஈ ஃபிளாட் வையுங்கள். மோகனத்தின் க ஒன்றை இறக்கினால் சிவரஞ்சனி. அதே மெட்டு, முகம் மட்டும் இருண்டுவிடும். ச மேல் உள்ள ஆர்பெஜியோவை 0, 3, 7 ஆக்குங்கள், பேஸில் த வந்த பாருக்கும் அதன் ஆர்பெஜியோவுக்கும் ச போட்டுவிடுங்கள். டியூட்டியை 12.5க்கு மாற்றி, தடித்த அடியை மட்டும் விட்டு ஒல்லி அடிகளை எடுத்துவிடுங்கள். இரண்டும் ஒரே நீளம் என்பதால், ரயில் சுரங்கத்துக்குள் நுழையும் கணத்தில் பாட்டின் அதே இடத்திலிருந்து மாறச் சொல்லி நிரல் எழுதலாம்.

9. விளையாட்டுக்குள் வைப்பது

16 பாராவது எழுதுங்கள். இந்த வேகத்தில் அது 25.6 நொடி. அதற்குக் குறைந்தால் ஒரே லெவலில் பத்துமுறை தோற்பவருக்குத் தலைவலி வரும். கடைசிப் பார் ச-வில் முடியாமல் ப-வில் நின்றால் மீண்டும் தொடங்குவது இயல்பாக இருக்கும். பாட்டின் தொடக்கத்தில் முன்னிசை இருந்தால் பாட்டு திரும்பத் தொடங்கும் இடமான லூப் புள்ளியை அதற்குப் பின்னால் வையுங்கள்.

விளையாட்டை கோடோ, கேம்மேக்கர் போன்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருள்களில் செய்கிறார்கள் என்றால் ஓஜிஜி அல்லது வேவ் ஆக ஏற்றுமதி செய்யுங்கள். எம்பி3 வேண்டாம், தொடக்கத்தில் சின்ன மௌனம் சேர்ந்து லூப் தடுக்கும். உண்மையான என்இஎஸ் கோப்பு என்றால் ஃபேமிஸ்டூடியோ அசெம்பிளி நிரலாகவே கொடுக்கும். அந்த வகையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: வீரன் குதிக்கும் ஒலிக்கும் காசு எடுக்கும் ஒலிக்கும் தனிச் சேனல் கிடையாது, இசையின் சேனலைத்தான் பிடுங்கிக்கொள்ளும். எதைப் பிடுங்குவது என்று நிரல் எழுதுபவரோடு பேசி பல்ஸ் 2ஐக் கொடுத்துவிடுங்கள். எதிரொலி அரை நொடி காணாமல் போனால் யாரும் கவனிக்க மாட்டார்கள், மெட்டு போனால் எல்லோருக்கும் தெரியும்.

அனுப்புவதற்கு முன் ஒருமுறை போனின் சின்ன ஸ்பீக்கரிலும் கேளுங்கள். முக்கோணத்தின் கீழ் ஸ்தாயி அதில் காணாமல் போயிருந்தால் பேஸை ஒரு ஸ்தாயி ஏற்றி மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள்.