வாக்குத்தத்த வசனத்திலிருந்து முழு அதிகாரத்துக்கு: விசுவாசம் வளர வேதத்தை வாசிக்கும் முறை

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து வீடு திரும்பும்போது நம்மில் பலருடைய கையில் ஒரு வாக்குத்தத்த அட்டை இருக்கும். ஓராண்டு எனக்குக் கிடைத்தது எரேமியா 29:11. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்று தொடங்கும் அந்த வசனத்தை வேதாகமத்துக்குள் வைத்து நாள்தோறும் வாசித்தேன். அந்த ஆண்டின் நடுவில் என் வேலை போயிற்று. கர்த்தருடைய வார்த்தை பொய்த்துவிட்டதோ என்ற எண்ணம் பல இரவுகள் என்னைத் தூங்கவிடவில்லை. பிறகு ஒரு நாள் அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசித்தபோதுதான், அதுவரை நான் ஒரு கடிதத்தின் ஒற்றை வரியை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டிருந்தேன் என்பது தெரிந்தது.

எரேமியா 29 உண்மையிலேயே ஒரு கடிதம். கி.மு. 597-இல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு அது எழுதப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் எல்லாரும் திரும்பிவிடலாம் என்று அனனியா என்னும் தீர்க்கதரிசி முழங்கியதை முந்தைய அதிகாரம் சொல்கிறது. எரேமியாவோ எழுபது வருஷம் என்கிறார். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்துவையுங்கள் என்கிறார். ஏழாம் வசனத்தில், உங்களைச் சிறைப்படுத்திய அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபியுங்கள் என்றும் கட்டளை வருகிறது. பதினோராம் வசனத்தில் வரும் "சமாதானம்" அதே சொல்தான்; எபிரெயத்திலும் இரண்டு இடங்களிலும் "ஷாலோம்" என்றே இருக்கிறது. கடிதத்தைக் கையில் வாங்கியவர்களில் முதியவர்கள் பலர் அந்த எழுபது வருஷத்தின் முடிவைக் கண்டிருக்க முடியாது. அவர்களுக்கும் அந்த வாக்குத்தத்தம் உரியதாகவே இருந்தது என்பதை உணர்ந்த பிறகு, வேலையில்லாத அந்த மாதங்களை என்னால் வேறு விதமாகத் தாங்க முடிந்தது.

ஆகையால் முதல் ஆலோசனை இதுதான்: உங்களுக்கு மிகவும் பிரியமான வசனத்தை எடுத்து, அது இருக்கும் அதிகாரம் முழுவதையும், முடிந்தால் முந்தைய அதிகாரத்தையும் சேர்த்து, ஒரு வாரம் தினமும் வாசியுங்கள். யார் யாருக்குச் சொன்னது, அப்போது அவர்கள் நிலை என்ன, கேட்டவர்களுக்கு அது எப்படிப்பட்டிருக்கும் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பதைப் பரீட்சை நேரத்தில் சொல்லி ஜெபிக்காத பிள்ளைகள் குறைவு. அதற்கு முந்தைய வசனத்திலோ, தாழ்ந்திருக்கவும் வாழ்ந்திருக்கவும் தமக்குத் தெரியும் என்று பவுல் காவலில் இருந்துகொண்டு எழுதுகிறார். வெற்றி கிடைக்கும் என்று அந்த வசனம் உறுதி சொல்லவில்லை. குறைவிலும் தளராமல் நிற்கும் பெலனைப் பற்றிப் பேசுகிறது. தோற்றுப்போன பிள்ளைக்கும் அது உரியதாகிறது என்பதால் இந்தப் பொருளையே நான் பெரிதாக எண்ணுகிறேன்.

அடுத்து, வாய்விட்டு வாசியுங்கள். முதலாம் சங்கீதம் "இரவும் பகலும்" வேதத்தில் தியானமாயிருக்கிறவனைப் பாக்கியவான் என்கிறது. அங்கே தியானத்தைக் குறிக்கும் எபிரெயச் சொல், புறா முனகுவதற்கும் சிங்கம் இரையின்மேல் உறுமுவதற்கும் ஏசாயாவில் வருகிற அதே சொல். கண்ணை மூடி மௌனமாக அமர்ந்திருப்பதைவிட, சொற்களை வாய்க்குள் முணுமுணுத்து அசைபோடுவதே அதற்கு நெருக்கமான பொருள். "விசுவாசம் கேள்வியினால் வரும்" என்று ரோமர் 10:17-இல் படிக்கும் இளைஞர் சிலர், கேள்விகள் எழுப்பினால் விசுவாசம் வரும் என்று பொருள் கொள்வதைக் கேட்டிருக்கிறேன். திருக்குறளின் 42-ஆம் அதிகாரத் தலைப்பில் உள்ளதுபோல, இங்கே கேள்வி என்றால் காதால் கேட்பது. எனவே குடும்ப ஜெபத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்பதும் முழுமையான வேத வாசிப்பே. கண்பார்வை மங்கிய பாட்டிக்கும் எழுத்தறியாத தாத்தாவுக்கும் இதில் எந்தக் குறைவும் இல்லை.

இந்தச் சொல் தடுமாற்றத்துக்கு ஒரு நல்ல மருந்து உண்டு. 1871-இல் வந்த மொழிபெயர்ப்பின் வழியில் அமைந்த நம் பழைய வேதாகமத்தோடு, 1995-இல் வெளிவந்த திருவிவிலியத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் விசுவாசம், கிருபை, தேவன் என்று இருப்பது மற்றதில் நம்பிக்கை, அருள், கடவுள் என்று இருக்கும். பழகித் தேய்ந்துபோன சொல் வேறு உருவில் வரும்போது மனம் விழித்துக்கொள்கிறது. மனப்பாடம் செய்வதற்கு மட்டும் ஒன்றையே பின்பற்றுவது நல்லது.

ஓராண்டில் முழு வேதாகமத்தையும் முடிக்கும் திட்டத்தைப் பலர் ஜனவரியில் ஆரம்பித்து, லேவியராகமத்தில் நிறுத்திவிடுகிறார்கள். 66 புத்தகங்களில் 1,189 அதிகாரங்கள் உண்டு. நாளுக்கு மூன்றுக்கும் மேல் வாசிக்க வேண்டும். அது நல்ல பழக்கம்தான், ஆனால் விசுவாசம் ஆட்டங்கண்டிருக்கும் ஒருவரை அதில் இறக்கிவிட நான் தயங்குவேன். பதினாறே அதிகாரங்கள் உள்ள மாற்கு சுவிசேஷத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரே அமர்வில் வாசித்துவிட்டு, மறுநாளிலிருந்து நாளொரு பகுதியாக மெதுவாகத் திரும்பப் போகட்டும்.

வாசிக்கும்போது எந்த உணர்வும் எழாத நாட்கள் வரும். அப்படிப்பட்ட நாட்களில் 13-ஆம் சங்கீதத்தைத் திறங்கள். அதில் ஆறே வசனங்கள்தான். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று அது தொடங்குகிறது. இப்படிக் கேட்பது அவிசுவாசம் என்றால் அது வேதத்தில் இடம்பெற்றிருக்காது. உங்கள் சொந்த "எதுவரைக்கும்" எதுவோ அதை அந்தச் சங்கீதத்தின் கீழே தேதியிட்டு எழுதுங்கள். ஆறாம் வசனத்தின் துதியை அன்றைக்குச் சொல்ல முடியாவிட்டால் நான்காம் வசனத்தோடு நிறுத்திவிட்டு, மறுநாள் அங்கிருந்து தொடருங்கள். உங்களுக்காக அந்த மீதியை வாசிக்க ஒரு நண்பரோ சபையின் மூத்தவரோ இருந்தால் அவர்களிடம் கேளுங்கள்.

அதுவும் முடியாத நாளுக்கு மாற்கு ஒன்பதாம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் இருக்கிறான். சீஷர்களால் குணமாக்க முடியாத மகனைக் கொண்டுவந்து, "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு கதறினான். இயேசு அவனிடம் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. பையனின் கையைப் பிடித்துத் தூக்கினார், அவன் எழுந்திருந்தான்.