நினைவுச்சின்ன எழுத்துகளைப் படிக்க ஒரு வழி

போர் வீரர் நினைவுச்சின்னங்களின் உலோகத் தகடுகளைப் படம் எடுக்கும்போது கேமரா ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். மாலை ஏழு மணிக்கு மேல் சென்று, இன்னொரு கைத்தொலைபேசியின் விளக்கைத் தகட்டின் ஓரத்தில் வைத்து, ஒளி மேற்பரப்பை ஒட்டிச் சாய்வாக விழும்படி பிடியுங்கள். நேராக விழும் ஒளி உலோகத்தில் பட்டுத் திரும்பி எழுத்தை மறைத்துவிடும்; சாய்வான ஒளியில் ஒவ்வோர் எழுத்துக்கும் நிழல் விழுவதால் மங்கிய பெயரும் துலங்கும்.

முயன்று பார்க்க ஏற்ற இடம் சிங்கப்பூரின் எஸ்பிளனேட் பூங்கா. சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். 1922இல் திறக்கப்பட்ட செனட்டாஃப் என்ற போர் நினைவுச்சின்னத்தில் முதல் உலகப் போரில் இறந்த 124 பேரின் பெயர்கள் உள்ளன. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரை எதிர்த்துப் போராடிய லிம் போ செங்குக்கு 1954இல் எழுப்பிய நினைவுச்சின்னத்தில் தமிழிலும் ஒரு தகடு இருக்கிறது. பிள்ளைகளை அழைத்துச் சென்றால் அதை அவர்களையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அருகில், இந்திய தேசிய ராணுவ நினைவிடம் இருந்த இடத்தைக் குறிக்கும் சின்னத்தைத் தவறவிடாதீர்கள். 1945 ஜூலையில் நேதாஜி அடிக்கல் நாட்டிய அந்த நினைவிடத்தைப் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் இடித்துவிட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து எத்தனையோ தமிழர்கள் அந்தப் படையில் சேர்ந்தார்கள்.

அச்சிட்ட தட்டையான தகவல் பலகைகளுக்கு இந்த முறை உதவாது. வெயில் நேரத்திலும் பயன்படாது. ஃபார்முலா ஒன் பந்தய நாள்களில் அந்தப் பகுதிச் சாலைகள் மூடப்படும். எழுத்து தெரிவதற்காகச் சாக்கட்டியோ கரியோ தேய்க்கவே தேய்க்காதீர்கள்.